இழை: படகு எஞ்சினில் ஆயில் மாற்றும் பாடம் – டிப்ஸ்டிக்குக்குத் தமிழ் என்ன?

நாகப்பட்டினத்திலிருந்து:

அன்பு நண்பர்களுக்கு,

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். எஞ்சின் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். அதற்குள் படகு மெக்கானிக் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கான கையேடு அச்சாகிவிட வேண்டும். ஆயில் மாற்றும் பாடத்தில் வந்து சிக்கிக்கொண்டேன்.

லாரி என்றால் அடியில் படுத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தானாக இறங்கிவிடும். படகுக்குள் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு அடியில் கை போவதே பெரும்பாடு. போனாலும் கீழே பாத்திரம் வைக்க இடமில்லை. அதனால் எஞ்சினைச் சற்று ஓட்டி, ஆயில் இளகியதும் நிறுத்தி, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அது செருகியிருந்த குழாய் வழியாகவே மெல்லிய டியூபை அடிவரை இறக்கி, கைப்பம்பால் மேலே இழுக்கிறோம். ஆகவே இந்தப் பாடத்தில் டிப்ஸ்டிக் வரிக்கு வரி வருகிறது. அளக்கவும் அதுதான், பழைய ஆயிலை எடுக்கும் வாசலும் அதுதான்.

என் கையில் இருப்பவை: ஆழக்கோல், எண்ணெய் அளவுகோல், அமிழ்கோல். எதுவும் வாயில் நிற்கவில்லை. கூடவே, படகின் அடியில் கசிவுத் தண்ணீர் தேங்குகிற பில்ஜுக்கும் ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.

---

தஞ்சாவூரிலிருந்து:

> எண்ணெய் அளவுகோல்

கோலுக்கு வருமுன் எண்ணெய்க்கு வருவோம். எள்ளின் நெய் எண்ணெய். தேங்காயிலிருந்து எடுத்ததைத் தேங்காயெண்ணெய் என்றோம், பிழை தொடங்கியது. மண்ணெண்ணெயில் முற்றியது: மண்ணிலிருந்து எடுத்த எள்ளின் நெய்! இப்போது எஞ்சினுக்குள்ளும் எள்ளைக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

பொருநராற்றுப்படையில் 'தேனெய்யொடு கிழங்கு மாறியோர் மீனெய்யொடு நறவு மறுகவும்' என்று வருகிறதே. தேன் நெய், மீன் நெய். கொழுப்பும் வழவழப்பும் உள்ள எதையும் நெய் என்ற ஒரே சொல்லில் அடக்கிய மொழி இது. ஆகவே பொறிநெய். நெய்தல் என்ற பூவின் பெயரே அதன் இலையின் நெய்ப்பால் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. நெய்தல் நிலத்துப் பிள்ளைகளுக்கான கையேட்டில் நெய் இல்லாமல் போகலாமா?

---

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி, பொறிநெய்னு எழுதுனா பயலுவ பொரிச்ச நெய்யினு நெனச்சு அடுப்படிக்குப் போயிருவானுவ. எங்க பட்டறையில ஆயில்னா ஆயில்தான். டிப்ஸ்டிக்குக்கு கேஜ் கம்பி. 'கம்பிய உருவு, தொட, திரும்பச் சொருவு, உருவிப் பாரு.' அம்புட்டுதான். மீனெய்யைப் பத்திச் சொன்னீங்கள்ல, மரத்துல கட்டுன படகுக்குப் பலகை உளுத்துப் போவாம இருக்க மீன் எண்ணெ பூசுறது உண்டு. அத எஞ்சினுக்குள்ள யாரும் ஊத்தல.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கள் கடற்றொழில் ஆவணங்களில் படகுக்குள் இருப்பதை உள்ளிணைப்பு இயந்திரம், வெளியே மாட்டுவதை வெளியிணைப்பு இயந்திரம் என்று எழுதுகிறோம். வேண்டுமானால் நீங்களும் பாவிக்கலாம்.

ஆனால் 'மசகு எண்ணெய்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் மசகு என்றால் அச்சுக்குப் போடுவது, உராய்வைக் குறைப்பது. எங்கள் செய்தித்தாளில் 'மசகு எண்ணெய் விலை உயர்வு' என்றால் நீங்கள் கச்சா எண்ணெய் என்று சொல்லுகிற சாமான். கையேடு இந்தப் பக்கம் வந்தால், எஞ்சினுக்குள் கச்சா எண்ணெயை ஊற்றச் சொல்லுகிறது என்று பெடியள் சிரிப்பார்கள். உயவு எண்ணெய் என்றால் இரண்டு கரைக்கும் சிக்கல் இல்லை.

---

தஞ்சாவூரிலிருந்து:

உயவு! சங்கப் பாட்டில் உயவு என்றால் வருத்தம், துன்பம். வருத்த நெய்யா?

---

சென்னையிலிருந்து:

ஐயா, ஆயில் மாற்றாத எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோனவரைக் கேட்டால் அந்தப் பொருளும் சரியென்பார்.

கையேட்டில் 'ஆயில்' என்றே இருக்கட்டும். டப்பாவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள். தமிழ்ச் சொல் எங்கே தேவையோ அங்கே சண்டை போடுவோம். டிப்ஸ்டிக்குக்குத் தேவையா என்பதே என் கேள்வி. தேவை என்றால் ஒரு சோதனை வையுங்கள்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்பவர் கத்தி, உள்ளே குனிந்திருப்பவன் காதில் விழ வேண்டும். 'அமிழ்கோல்' அந்த இரைச்சலில் 'அவுழ்கோல்' என்று கேட்டால் எதையாவது அவிழ்த்துவிடுவான்.

---

சிங்கப்பூரிலிருந்து:

கப்பல் எஞ்சின் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சேர்க்கை. இந்தக் கம்பி ஆழத்தை அளப்பதில்லை, அதனால் ஆழக்கோல் தவறு. எத்தனை லிட்டர் என்றும் சொல்லாது, அளவுகோலும் முழுச்சரி இல்லை. ஆயிலின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் காட்டும். படகில் இது இன்னும் நுட்பமானது. புரொப்பெல்லர் ஷாப்ட் பின்பக்கம் சரிந்து இறங்குவதால் எஞ்சினையும் சரிவாகத்தான் பொருத்துவார்கள். அந்தச் சரிவைக் கணக்கில் எடுத்துத்தான் கம்பியில் கோடு போட வேண்டும். லாரிக்கு என்று வந்த எஞ்சினைப் படகில் இறக்கிவிட்டு அதே கோட்டை நம்பினால் ஆயில் கூடவோ குறையவோ போகும். கரையில் ஏற்றிய படகு முன்னோ பின்னோ சாய்ந்து கிடந்தாலும் கோடு பொய் சொல்லும். கையேட்டில் இதை அவசியம் எழுதுங்கள்.

என் முன்மொழிவு: மட்டக் கம்பி. கொத்தனார் கையிலேயே ரசமட்டம் இருக்கிறதே.

---

தஞ்சாவூரிலிருந்து:

மட்டக் கம்பி என்றால் மட்டமான கம்பி என்றல்லவா படும்! கடைக்காரனிடம் 'ஒரு மட்டக் கம்பி கொடு' என்று கேட்டுப் பாருங்கள், என்ன கொடுக்கிறான் என்று.

என் முடிவு, தோய்கோல். வினைத்தொகை. தோய்ந்த கோல், தோய்கின்ற கோல், தோயும் கோல். உருவித் துடைத்து மறுபடி செருகும் செயலில் மூன்று காலமும் அடங்கிவிடுகிறது. கோலைத் தோய்ப்பது நாம்தானே, தோய்க்கோல் என்று வல்லினம் மிக வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். வினைத்தொகையில் மிகாது. ஊறுகாய் ஊறுக்காய் ஆகவில்லை.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, எங்களிடம் 'தோய்கிறது' என்றால் தலைக்குக் குளிக்கிறது. 'தோய்ந்துபோட்டு வாறன்' என்று கிணற்றடிக்குப் போவார்கள். தோய்கோல் என்றால் குளிக்கும்போது ஊன்றுகிற தடி என்று எடுப்பார்கள்.

---

சென்னையிலிருந்து:

எங்கள் வீட்டில் துணி தோய்ப்பதுதான். அந்தக் கோல் எதற்கு என்று சொல்லவே வேண்டாம். :)

---

தூத்துக்குடியிலிருந்து:

இங்க ஒரு சங்கதி. நாங்க 'ஆயில் இறக்கு'னு சொல்லுவோம். நாகைக்காரர் சொல்லுத மாதிரி மேல இழுத்தாலும் இறக்குறதுதான். யாரும் குழம்பல. பேரு எதுவா இருந்தாலும் வேலை தெரிஞ்சவன் வெளங்கிக்கிடுவான். தெரியாதவனுக்குக் கம்பியக் காட்டி, முனையில பாலு ஊத்துன காப்பி கலர்ல இருந்தா உள்ள தண்ணி பூந்துட்டுன்னு அர்த்தம், எஞ்சினை எடுக்காதலேன்னு சொல்லிக் குடுங்க. அதுக்குத் தமிழ்ல பேரு வைங்க, பிரயோசனம்.

---

நாகப்பட்டினத்திலிருந்து:

அது பாடத்தில் இருக்கிறது அண்ணாச்சி. 'பால் கலந்த நிறம்' என்று எழுதியிருந்தேன். காப்பி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

பில்ஜ் பற்றி யாரும் பேசவில்லையே? பில்டரைக் கழற்றும்போது சிந்துவது நேராக அங்கேதான் போகிறது. தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் பம்பு அங்கே இருந்தால் ஆயிலையும் சேர்த்துக் கடலில் கொட்டிவிடும். அதனால் 'வேலை தொடங்குமுன் பில்ஜ் பம்பை நிறுத்து, பில்டருக்கு அடியில் பிளாஸ்டிக் பையை மாட்டு, பழந்துணியைப் பரப்பு' என்று முதல் வரியாகவே வருகிறது.

---

தஞ்சாவூரிலிருந்து:

அகடு. வயிறு என்று பொருள். கப்பலின் வயிறு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

---

சென்னையிலிருந்து:

'அகட்டில் துணி போடு' என்றால் காலை அகட்டிக்கொண்டு துணி போடுவான்.

அது இருக்கட்டும், சட்டத்தோடு மோதாத சொல்லாக இருப்பதும் முக்கியம். 2016-ஆம் ஆண்டு வந்த அபாயகரமான கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் வேறு, கழிவு எண்ணெய் வேறு. எஞ்சினிலிருந்து இழுத்த பழைய ஆயில் முதல் வகை, மறுசுத்திகரிப்புக்குப் போகக்கூடியது. கப்பலில் தண்ணீரோடு கலந்து குழம்பாகிக் கிடப்பது இரண்டாவது வகை. வரைவில் இரண்டையும் 'கழிவு ஆயில்' என்று எழுதியிருக்கிறீர்கள். பையன் இரண்டையும் ஒரே கேனில் ஊற்றினால் நல்லதும் கெட்டதாகிவிடும். 'பழைய ஆயில்', 'கலங்கல் ஆயில்' என்று பிரித்து எழுதுங்கள்.

---

தூத்துக்குடியிலிருந்து:

படகுக்கு அடியில நீளவாக்குல ஓடுத ஏராக்கட்டைக்கு ரெண்டு பக்கமும் தண்ணி கெடக்குற எடம்தான பில்ஜு. ஏராப்பள்ளம்னு வைக்கலாமே.

---

தஞ்சாவூரிலிருந்து:

ஏரா! இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினேன். நிலத்தைக் கிழிப்பது ஏர், நீரைக் கிழிப்பது ஏரா. உழவனும் பரதவனும் ஒரே வேரில் நிற்கிறார்கள். மலையாளக் கரையிலும் இந்தச் சொல் உண்டு. ஏர், ஏரி, ஏரா என்று ஒரு நிரலே போடலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

---

சிங்கப்பூரிலிருந்து:

சொல் அழகு. ஆனால் நிலத்தைக் கிழிப்பதும் நீரைக் கிழிப்பதும் ஒன்று என்பது உரைக்காரர் உத்தி, சான்று இல்லை.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

இழைக்கண்ணாடி (பைபர்) படகுகளில் ஏரா தனிக்கட்டையாக இராது, உடலோடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். இப்ப வருகிற பெடியளுக்கு ஏராப்பள்ளம் என்றால் எதைக் காட்டுவது?

---

மட்டுறுத்துநர்:

முந்தைய மடல்களை முழுக்க ஒட்டி அனுப்பாதீர்கள். தஞ்சாவூர் ஐயாவின் கடைசி மடலுக்குக் கீழே தூத்துக்குடி அண்ணாச்சியின் முதல் மடல் முதல் எல்லாம் இருந்தன, வெட்டிவிட்டேன். ஏர்–ஏரி–ஏரா ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள்.

---

நாகப்பட்டினத்திலிருந்து:

நாளை வெள்ளி. இப்படி முடித்திருக்கிறேன்.

ஆயில் ஆயில்தான். எஞ்சின் எஞ்சின்தான். டிப்ஸ்டிக்குக்கு 'மட்டக் கம்பி'. முதல் இடத்தில் மட்டும் 'பட்டறையில் கேஜ் கம்பி என்பார்கள்' என்ற வரியும், படகின் சரிவு பற்றிய குறிப்பும். பில்ஜுக்கு 'அடிப்பள்ளம்'. ஏராப்பள்ளம் எனக்கும் பிடித்திருந்தது, யாழ்ப்பாணத்து நண்பரின் கேள்விக்குத்தான் பதில் இல்லை. பழைய ஆயிலும் கலங்கல் ஆயிலும் தனித்தனிக் கேனில்.

பில்டர் மாட்டும் பத்தி இது, யாராவது ஒரு கண் பாருங்கள்: 'பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவு. கையால் சுற்று. வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்காதே. ஆயில் ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓட்டி, கசிகிறதா பார். நிறுத்திச் சற்றுப் பொறுத்து மட்டக் கம்பியை மறுபடி பார்.'

---

தூத்துக்குடியிலிருந்து:

முக்கால் சுத்துன்னு பொதுவாப் போடாதீங்க, பில்டர் மேலயே எவ்வளவுன்னு எழுதியிருப்பான், அதப் பாருன்னு போடுங்க. மத்தபடி சரி. கம்பிக்கு எங்க ஆளுவ கேஜுன்னுதான் சொல்லப்போறானுவ.

---

சென்னையிலிருந்து:

எனக்கு ஒப்புதல். மட்டக் கம்பி காதில் தெளிவாக விழுகிறது.

---

சிங்கப்பூரிலிருந்து:

+1

---

தஞ்சாவூரிலிருந்து:

பெரும்பான்மை சொல்வதால் மட்டமானது உயர்ந்ததாகிவிடாது. தோய்கோலைப் பின்னிணைப்பிலாவது சேர்க்கலாம். இடம் இல்லை என்றால் நன்றியுரையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். 'பில்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள், வடிகட்டி என்ற நல்ல சொல் இருக்க. டீ வடிகட்டியோடு குழம்பும் என்பீர்கள். அதனால்தான் கேட்கிறேன்: வடிப்பி?