கஜா புயல் நிவாரணத்துக்குப் போய் வந்தவர்கள் விவரம் சொல்ல முடியுமா?

கேள்வி (காரைக்குடி):

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பள்ளி மாணவன். அந்த வாரம் எங்கள் தெருவிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வண்டிகள் போயின. மூட்டைகளை ஏற்றிவிட்டதோடு எங்கள் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்தவற்றில் எவை உதவின, எவை வீணாயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மறுபடி ஒரு புயல் வந்தால் முதல் வண்டியில் எதை ஏற்றுவது என்று எங்கள் இளைஞர் குழுவில் பேசி வருகிறோம். நேரில் போய் வந்த பெரியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (புதுவயல்):

தம்பி, எங்கள் ஊரில் அரிசி ஆலைகள் இருப்பதால் அரிசிக்குக் குறைவில்லை; முதல் நாள் அதைத்தான் கொண்டுபோனோம். பேராவூரணியைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு கிராமத்தில், "அரிசி இருக்கிறது ஐயா, உலை வைக்கத் தண்ணீர் இல்லை" என்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்ட அந்த நாட்களில், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற எந்த ஊரிலும் வழியில்லை. மறுநாள் கல்யாண வீடுகளுக்கு விளக்குப் போட வாடகைக்கு விடும் சிறிய ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுபோனோம். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க மாட்டாமல் அது நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மும்முனை மின்சாரம் தரும் பெரிய ஜெனரேட்டரை டிராக்டரில் இழுத்துச் சென்ற பிறகுதான் மோட்டார் ஓடியது. தெருக்குழாய் முதலில் வெறும் காற்றாக இரைந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொட்டியது, தெளிவதற்குள் குடங்கள் வரிசை கோயில் வரை நீண்டுவிட்டது. ஜெனரேட்டரோடு மோட்டார் இணைப்புத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்துப் போங்கள்; டீசலையும் கணக்குப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

பதில் (பள்ளத்தூர்):

பரணிலிருந்த அண்டாக்களை இறக்கி, எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில்தான் சமைத்தோம். முதல் நாள் சூடாகப் பொட்டலம் கட்டிய சாம்பார் சாதம், வேர்த்துப்போய் மதியத்துக்குள் ஊசிவிட்டது; அந்த வேதனை இன்னும் எனக்கு இருக்கிறது. அடுத்த நாள் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிச்சோறு கிளறி, நன்றாக ஆறவிட்டுக் கட்டினோம். அது இரவு வரை தாங்கியது.

மூன்றாவது முறை நானும் வண்டியில் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துச் சுவரோரமாக அழைத்துப்போய், "ஆச்சி, நாப்கின் இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டாள். அதுவரை வந்த வண்டிகளில் எல்லாம் ஆண்களே வந்ததால் யாரிடமும் வாய்திறக்கவில்லையாம். தம்பி, முதல் வண்டியிலேயே இரண்டு பெண்கள் போக வேண்டும்.

பதில் (பட்டுக்கோட்டையிலிருந்து காரைக்குடியில் குடியேறியவர்):

நான் வாங்கிக்கொண்ட பக்கத்தில் இருந்தவன். பெரிய சாலையை ஒட்டிய ஊர்களில் ஒரே நாளில் ஐந்தாறு வண்டிகள் நின்றன. இரண்டு மைல் உள்ளே இருந்த எங்கள் ஊருக்கு, பாதையில் மரங்கள் கிடந்ததால், நான்கு நாட்கள் எதுவும் வரவில்லை. மூட்டை மூட்டையாக வந்த பழைய துணிகள் சாலையோரத்தில் மழையில் ஊறிக் கிடந்ததை, கொடுத்தவர்கள் மனம் நோகும் என்றாலும், சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள் உங்கள் பக்கத்திலிருந்து நான்கு பேர் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வந்தார்கள். சாப்பாடு எதுவும் கொண்டுவரவில்லை. மாலைக்குள் பாதையைத் திறந்தார்கள். எங்கள் மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்திருந்த தென்னையையும் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். தோப்பில் நின்ற மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதால், அரிசியும் மெழுகுவத்தியும் தீர்ந்த பிறகும் எங்கள் கஷ்டம் தீரவில்லை. மறு வருடம் கன்று வாங்கிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஆச்சி, உங்களோடு வந்த மற்ற பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். புதுவயல் ஐயா, அந்தப் பெரிய ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ திறன் கொண்டது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வாடகைக் கடையில் பேசி வைக்க வேண்டும்.