மறு: பருவந்தோறும் இடம் மாறும் வாழ்வு – என்ன சொல் வைக்கலாம்?

> யூட் பூர்வகுடி மக்களைப் பற்றிய நம் கட்டுரையில் வரும் 'சீசனல் ரவுண்ட்' (பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வாழ்வு) என்பதற்குப் 'பருவச் சுழற்சி' போதாதா? இல்லையென்றால் 'நாடோடி வாழ்க்கை' என்றே எழுதிவிடலாமே.

அன்புள்ள ஐயா,

பருவச் சுழற்சி என்றால் சுழல்வது பருவம். நமக்கு வேண்டியது மனிதர்கள் நகர்வதைச் சொல்லும் சொல். நாடோடி இன்னும் மோசம், போக்கிடம் அற்றவர் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மலைகளில் வாழ்ந்த யூட் மக்களோ எப்போது எந்தச் சரிவில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தே போனவர்கள். குளிர்காலத்தில் தாழ்ந்த பள்ளத்தாக்குகள். பனி உருகியதும் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, மானையும், எல்க் என்ற பெரிய மான் இனத்தையும் தொடர்ந்து மேலே ஏறுவார்கள். யாம்பா கிழங்கு தோண்டுவார்கள் (யாம்பா ஆற்றுக்குப் பெயர் தந்ததே அந்தக் கிழங்குதான்). பெர்ரிகளைப் பறித்து உலர்த்துவார்கள். இலையுதிர் காலத்தில் பின்யோன் பைன் கொட்டை. அப்புறம் மறுபடி பள்ளத்தாக்கு. ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், மரமே வளராத உயரத்தில் போகும் பழைய நடைபாதை ஒன்றுக்கு இன்றும் 'யூட் டிரெயில்' என்றுதான் பெயர்.

> பறவைகளுக்குச் சொல்லும் 'வலசை' இருக்கிறதே?

எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் பழைய அகராதிகளில் வலசை என்றால் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போவது. 1879இல் யூட்களுக்கும் அரசு முகவர் மீக்கர் தரப்புக்கும் இடையே மீக்கர் மோதல் நடந்தது. 1881இல் யூட்களின் இரு பிரிவினரான அன்கம்பாக்ரே யூட்களையும் வொயிட் ரிவர் யூட்களையும் கொலராடோவிலிருந்து யூட்டாவுக்குத் துரத்தினார்கள். அன்கம்பாக்ரே மக்களைப் படையே முன்னின்று வெளியேற்றியது. வலசை என்ற சொல்லுக்கு உரிய இடம் அது. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது, விரும்பிப் போனதற்கும் விரட்டப்பட்டதற்கும் ஒரே சொல் ஆகாது.

என் பரிந்துரை 'பருவ வலம்'. நகர்வலம் போல. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது அதில் அடங்கிவிடுகிறது. கிரிவலத்தின் பக்தி வாடை கொஞ்சம் அடிக்கும், அடிக்கட்டும். போகும் வழியை 'வலத்தடம்' எனலாம்.

* * *

அன்புள்ள ஐயா, நீங்கள் சொன்ன 'பருவ வலம்' எனக்குச் சம்மதம். வலத்தடம் வேண்டாம், வலப்பக்கத் தடம் என்றே படிப்பார்கள். 'பருவத்தடம்' போதும்.

கூடவே யூட்களின் 'பேர் டான்ஸ்' (Bear Dance) என்ற ஆட்டத்தின் பெயர் பற்றியும் முடிவெடுத்துவிடலாம். வரைவில் 'கரடியாட்டம்' என்று இருக்கிறது. நம் ஊரில் அது கரடி வேடம் கட்டி ஆடுவது. யூட்களின் ஆட்டத்தில் வேடம் இல்லை. கரடி உறக்கம் கலையும் வசந்தத்தில், எல்லோரும் ஒன்றுகூடி, ஆண் ஒரு வரிசை பெண் ஒரு வரிசையாக நின்று ஆடுவது. துணையைத் தேர்ந்து ஆட அழைப்பது பெண். வெட்டுவரி போட்ட கட்டையில் குச்சியை உரசி எழுப்பும் ஓசைதான் கரடியின் உறுமல். அந்தக் கருவியை 'மொராச்சே' என்றே விட்டுவிடலாம். ஆட்டத்துக்கு 'கரடி விழிப்பாட்டம்' என்று வைத்திருக்கிறேன். நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?