‘ஒண்ணுக்கு’ என்றால் டீச்சருக்குப் புரியுமா?

ஒரு கல்யாணத்துக்காக மூன்று வாரமாகக் காரைக்குடியில் இருக்கிறேன். பெரிய அண்ணன் மகள் அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் குடிபோகிறாள். மூன்று வயதுப் பையன். அயித்தை மகன் குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போகிறது. இரண்டரை வயதுப் பெண். பக்கத்து வளவுத் தம்பி ஜெர்மனி போய் நான்கு மாதம் ஆகிறது, மனைவியும் குழந்தையும் இப்போதுதான் கிளம்புகிறார்கள். மூன்று வீட்டிலும் ஒரே கேள்வி: “ஆச்சி, பிள்ளைய எங்க போடுறது? மாண்டிசோரி நல்லதா, பிளே ஸ்கூல் நல்லதா?” முகப்பில் உட்கார்ந்து மூன்று தடவை சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இனிப் போகப்போகிறவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன். சிங்கப்பூரில் பதினொரு வருடம், இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு பள்ளி மாற்றம். இதுதான் என் தகுதி.

அந்தப் பள்ளி மாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பெரியவள் மூன்று வயதாகும்வரை இங்கே ஆயா, அதாவது பாட்டி, வீட்டில்தான் வளர்ந்தாள். சிங்கப்பூர் வந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ப்ரீஸ்கூல் பார்த்தேன். பலகையில் மாண்டிசோரி என்று இருந்தது. உள்ளே போனால் ரோஜா நிறக் கோபுரம், மணிச் சரங்கள், பளபளவென்று அலமாரி. அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில்தான் வகுப்பறையை நிதானமாகப் பார்த்தேன். கோபுரம் பெரியவர்கள் கைக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் இருந்தது, மேலே மெல்லிய தூசி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, அச்சடித்த தாளில் ஆப்பிளுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபுரம் பத்துக் கனசதுரக் கட்டைகள். சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர். பிள்ளை தானே எடுத்து, தானே அடுக்கி, தப்பாக வைத்தால் தானே கண்டுபிடித்து, தானே திருப்பி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. எட்டாத உயரத்தில் வைத்தால் அது வெறும் கொலுப் பொம்மை.

மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் பெயரை நம்பாமல் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரியில் இருக்கின்றனவா? மூன்று வயது முதல் ஆறு வயது வரை கலந்து உட்காருகிறார்களா? இடையில் மணி அடித்துக் கலைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்ய விடுகிறார்களா? பெரியவர் பேச்சு குறைவாக இருக்கிறதா? இந்த நான்கும் இருந்தால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

வயது கலந்து உட்காருவது வளவில் வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. நான்கு பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் வளர்ந்தோம். எனக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தது அம்மா இல்லை, என்னைவிட இரண்டு வயது பெரிய பெரியப்பா மகள். அவள் ஏமாற்றவும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தாள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிப்பதை மாண்டிசோரியில் பார்த்ததும், தாம்பாளத்து அரிசியில் ‘அ’ போடவைத்த ஐயாதான் நினைவுக்கு வந்தார். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 1939இல் பிரம்ம ஞான சபையார் அழைத்து அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர் வந்து, இத்தாலிக்காரர் என்பதால் கட்டுப்பாட்டில் சிக்கி, சில காலம் கொடைக்கானலில் இருந்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைனர் அல்லது வால்டார்ஃப் என்றால் 1919இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் தொடங்கியது. கதை, பாட்டு, கைவேலை, தோட்டம். எழுத்துப் படிப்பு ஏழு வயதை ஒட்டித்தான். ரெஜியோ எமிலியா என்பது இத்தாலியில் ஓர் ஊரின் பெயர். பிள்ளைகள் கேட்கும் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் அதையே வரைந்து, கட்டி, பேசிப் பார்ப்பார்கள். வெறுமனே ‘விளையாட்டு வழி’ என்று சொல்லும் இடங்கள்தான் அதிகம், அதில் தங்கமும் உண்டு தகரமும் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் ஸ்டைனர் பக்கம் போகும்முன் யோசிக்கலாம். இங்கே எல்கேஜியிலேயே பென்சில் பிடிக்க வைத்துவிடுகிறார்கள், வந்து சேரும் பிள்ளைதான் திணறும்.

சரி, நான் உண்மையில் பள்ளியை மாற்றியது கோபுரத்துக்காக இல்லை.

என் மகள் ஊரிலேயே நாப்பி விட்டவள். அங்கே போன முதல் வாரம் தினமும் ஈரத் துணிப் பை வீட்டுக்கு வந்தது. “உங்கள் பிள்ளைக்கு இன்னும் கழிப்பறைப் பழக்கம் வரவில்லை” என்று குறிப்பு வேறு. வீட்டில் ஒரு சொட்டுகூடச் சிந்தாதவள்! ஐந்தாம் நாள் விடுப்பு எடுத்து, கதவோரம் நின்று பார்த்தேன். பிள்ளை கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு டீச்சரிடம் போய் “ஒண்ணு… ஒண்ணு…” என்கிறாள். டீச்சர் நல்ல பெண்தான். எங்கோ கொஞ்சம் தமிழ் எண் கற்றிருக்கிறாள் போல. முகம் மலர்ந்து, கைதட்டி, “ரெண்டு! மூணு!” என்கிறாள்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் விளக்கிச் சொன்னபோது பொறுப்பாளர் சொன்ன பதில்தான் உறுத்தியது: “வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழக்குங்கள்.” அன்று மாலையே வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது இடத்தில் அலமாரி பழசு, பொம்மைகளுக்குக் கை கால் ஒட்டுப்போட்டிருந்தது. ஆனால் சேர்க்கும்போதே ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளை வீட்டில் சொல்லும் சொற்களை உச்சரிப்போடு எழுதிக் கேட்டார்கள். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தண்ணி, வலிக்குது, போதும், தூக்கு, ஆயா. அந்தத் தாள் இரண்டு வருடமும் அவள் பைமாட்டிக்கு மேலேயே ஒட்டியிருந்தது. உங்கள் பள்ளி கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘ஆயா’வுக்குப் பக்கத்தில் ‘பாட்டி, வேலைக்காரி அல்ல’ என்று நான் எழுத வேண்டியிருந்தது. அங்கே இருந்த தமிழ் டீச்சருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பள்ளி பார்க்கப் போகும்போது அலுவலக அறையில் உட்காராதீர்கள். காலையில் பிள்ளைகளை விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். அழுகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். யார் வாங்குகிறார்கள், குனிந்து பிள்ளையின் கண்மட்டத்துக்கு வருகிறார்களா, அல்லது தலைக்கு மேலேயே பெற்றோரிடம் பேசுகிறார்களா என்று பாருங்கள். அப்புறம் சாப்பாட்டு நேரம். சோறு சிந்தினால் என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும். டீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு டீச்சர் மாறும் இடத்தில் எந்த முறையும் வேலை செய்யாது.

இனி நாடுவாரியாக.

சிங்கப்பூர்: மூன்று வயதில் நர்சரி 1, நான்கில் நர்சரி 2, ஐந்தில் கே1, ஆறில் கே2, ஏழு வயதாகும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்று. கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால், டிசம்பர் மாதப் பிள்ளை தன்னைவிட பதினோரு மாதம் மூத்தவர்களோடு உட்காரும், திணறினால் பதறாதீர்கள். சைல்ட் கேர் என்றால் காலை 7 முதல் மாலை 7 வரை. கிண்டர்கார்ட்டன் என்றால் சில மணி நேரம்தான். இருவரும் வேலைக்குப் போனால் இது முதல் முடிவு. அரசு மானியம் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு. டிபென்டன்ட் பாஸில், அதாவது வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதியில், வரும் பிள்ளைக்கு முழுக் கட்டணம். கல்வி அமைச்சு நடத்தும் கிண்டர்கார்ட்டன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். தமிழ் ஆட்சிமொழிதான், ஆனாலும் எல்லா ப்ரீஸ்கூலிலும் தமிழ் வகுப்பு கிடையாது, நேரில் கேளுங்கள். “இருக்கிறது” என்றால், இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள், டீச்சர் வாரத்தில் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிச் சான்று பாஸ் விண்ணப்பத்துக்கே வேண்டும். தினமும் வாசலில் உள்ளங்கையும் வாயும் பார்ப்பார்கள், கை கால் வாய்ப் புண் நோய்க்காக. அது வந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த நாட்களுக்கு யார் விடுப்பு எடுப்பது என்று கணவன் மனைவி முன்னாலேயே பேசி வையுங்கள்.

இங்கிலாந்து: மூன்று வயது நிறைந்ததற்கு அடுத்த பருவத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம் இலவசம். ‘பொது நிதி கிடையாது’ என்று விசாவில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த 15 மணிக்கு அது தடையில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணித் திட்டம் வேறு கணக்கு. இரண்டு வயதுக்காரர் ஐந்து பேருக்கு ஒரு பெரியவர், மூன்று வயதானால் எட்டுப் பேருக்கு ஒருவர், தகுதிபெற்ற ஆசிரியர் நடத்தினால் 13 வரை. சிங்கப்பூரில் மூன்று வயதுக்கு 12 பேருக்கு ஒருவர் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நான்கு வயது நிறைந்த பின் வரும் செப்டம்பரில் பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசப்ஷன், அதற்கு விண்ணப்பக் கெடு ஜனவரி 15. தவறவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைப்பது கஷ்டம். வீட்டு மொழிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நர்சரிகளுக்கான விதிமுறையிலேயே இருக்கிறது. யாராவது “வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்” என்றால் இதைச் சொல்லுங்கள், என்னைப்போல விழிக்காதீர்கள்.

ஜெர்மனி: ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குக் கிட்டா எனும் மழலையர் காப்பகத்தில் இடம் பெறுவது 2013 முதல் சட்டப்படி உரிமை, ஆனால் பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம், வீடு பதிந்த கையோடு விண்ணப்பியுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி 2020 முதல் கட்டாயம், இரண்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டு தவணை. ஊர் சுகாதார நிலைய அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோங்கள். முதல் சில வாரம் அம்மாவோ அப்பாவோ கூட உட்கார வேண்டும். பரவலாக உள்ள பெர்லின் முறையில் முதல் மூன்று நாள் பிரிவே கிடையாது, நான்காம் நாள்தான் சிறிது நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். பக்கத்து வளவுத் தம்பி, “வந்த மறுநாளே விட்டுட்டு வேலை தேடலாம்னு நெனச்சா” என்று மனைவியைப் பற்றிச் சொன்னான். நடக்காது. எழுத்தும் எண்ணும் எதிர்பார்க்காதீர்கள். மழையிலும் வெளியேதான் விளையாட்டு, அதற்குத் தனி ரப்பர் கால்சட்டை, உள்ளே போட வேறு செருப்பு.

அப்புறம், எந்த நாடானாலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சில சங்கதி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பினால் ஒன்று அழுக்கென்று துடைப்பார்கள், அல்லது காயமா என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். எனக்கு இரண்டும் நடந்தது. பொட்டை உள்ளங்காலுக்கு மாற்றினேன், அப்பத்தாவும் ஒப்புக்கொண்டார். கருப்பு வளையலும் கொலுசும் கழற்றச் சொல்வார்கள். அரைஞாண் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கால்சட்டை பொத்தான் இல்லாமல் எலாஸ்டிக்காக இருக்கட்டும். தண்ணீரில் கழுவிப் பழகிய பிள்ளைக்குத் தாளால் துடைக்க இங்கேயே காட்டிக்கொடுங்கள். பல இடங்களில் நிலக்கடலை உள்ளேயே போகக் கூடாது. எள்ளும் சிலருக்கு ஒவ்வாமை. அதனால் பிறந்தநாளுக்குச் சீடையும் தேன்குழலும் டின் டின்னாக அள்ளிப் போகாதீர்கள்.

முக்கியமானது சாப்பாடு. வளவைச் சுற்றிக் காக்கா காட்டி ஊட்டி வளர்த்த பிள்ளை, அங்கே முதல் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாராவது ஊட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, சிந்தினாலும் பரவாயில்லை என்று தானே சாப்பிட விடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல்தானே, துடைத்தால் போய்விடும்.

முதல் சில மாதம் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கலாம். புது மொழியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே இருங்கள். ஊரிலிருந்து வீடியோவில் “ஏபிசிடி சொல்லு கண்ணு” என்று கேட்பார்கள், பிள்ளை ஓடிவிடும். ஓடட்டும். ஆனால் கேட்பது புரிகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, விளையாடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தமிழிலும் பேச்சு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நேற்று அண்ணன் மகளை உட்காரவைத்துச் சொல்தாளை எழுதச் சொன்னேன். பதினான்கு சொல் வந்தது. “வேற ஒண்ணும் இல்ல அயித்தை” என்று பேனாவை மூடினாள். அப்போது பையன் இரண்டாங்கட்டிலிருந்து ஒரு துணியை இழுத்துக்கொண்டு வந்தான். ஆயாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்த துண்டு. அதன் பெயர் ‘கண்டா’. அது இல்லாமல் மத்தியானம் தூங்க மாட்டானாம். சிங்கப்பூரில் மதியம் எல்லாரையும் மெத்தையில் படுக்கப்போட்டுவிடுவார்கள். அவன் “கண்டா, கண்டா” என்று அழுதால் அங்கே யாருக்கு என்ன தெரியும்? தாளில் அதை முதல் சொல்லாக எழுதச் சொன்னேன். துண்டையும் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், துவைக்காமல்.