முன்பு திறந்த கைகள் விட்டுச்சென்ற தடயங்கள்

பத்தொன்பது ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்ட பெரியப்பாவின் புல்லட் 350 வண்டியை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. துருவும் காலமும் செய்த சேதத்தைச் சரிசெய்ய அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. எனக்கு முன்பு அந்த என்ஜினைத் திறந்தவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிக் காலம் போயிற்று என்பதால், அந்த அனுபவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடயம் டைமிங் கவரில் கிடைத்தது. அதைப் பிடித்திருந்த திருகுகளில் சிலவற்றுக்குத் தட்டை வெட்டுத் தலையும் சிலவற்றுக்கு அறுகோணத் தலையும் இருந்தன. ஒன்றின் தலையில் உளி வைத்துத் தட்டிய காயம் இருந்தது. அறுகோணத் தலை கொண்ட ஒன்றை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுழற்றி எடுக்க முடிந்தது. வெளியே வந்த அதன் மரை இடுக்குகளில் அலுமினியம் மெல்லிய வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெர்னியரில் அளந்தால் 6 மில்லிமீட்டர். துளையோ கால் அங்குலத் துளை, அதாவது 6.35 மில்லிமீட்டர். அந்தத் துளையில் அங்குலத்துக்கு 26 மரைகள் இருப்பதால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 0.98 மில்லிமீட்டர் ஆகிறது. இன்றைய சாதாரண 6 மில்லிமீட்டர் போல்ட்டில் அது 1 மில்லிமீட்டர். வித்தியாசம் அவ்வளவு சிறியது என்பதால் புதிய போல்ட் பழைய துளைக்குள் எந்த முரண்டும் இல்லாமல் இறங்கிவிடுகிறது. ஆனால் பருமன் குறைவு என்பதால் மரையின் நுனியை மட்டுமே பற்றிக்கொண்டு, இறுக்கும்போது அந்த நுனியைச் சீவி எடுத்துவிடுகிறது. ஒருவேளை அவசரத்தில், கையில் கிடைத்ததைப் போட்டு வண்டியை அனுப்பியிருப்பார்கள். அதுபோல மூன்று துளைகள் இருந்தன. மூன்றையும் பெரிதாக்கி, கம்பிச்சுருளால் ஆன புது மரை பொருத்த வேண்டியதாயிற்று.

அதே அளவுக் குழப்பம்தான் நட்டுகளின் தலைகளையும் பாழாக்கியிருந்தது. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு முறையில் ஸ்பேனரின் மீது பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்குமே தவிர, தலையின் அகலத்தைக் குறிக்காது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர். அதற்குரிய நட்டில் 13 எண் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறாது, 14 ஏறும், ஆனால் வழுக்கும். முனை மழுங்கிய ஒவ்வொரு நட்டையும் பார்க்கும்போது, யாரோ ஒருவர் 14 எண் ஸ்பேனரை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த காட்சி என் கண் முன் வந்தது. பழைய விட்வொர்த் ஸ்பேனர்களை ஒரு தொகுப்பாகத் தேடி வாங்கிய பிறகே நான் மேற்கொண்டு கை வைத்தேன்.

கழற்றிய திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி உறை விரிந்துவிடும். கவரின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, துளை இருக்கும் இடங்களில் குத்தி, அந்தந்தத் திருகை அங்கங்கே செருகி வைத்தேன். கைபேசியில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைவிட அந்த அட்டைதான் கடைசியில் உதவியது.

பிஸ்டன் சிலிண்டரில் இறுகியிருந்தது. இந்த நிலையில் கிக்கரின் மீது ஏறி நிற்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பிஸ்டன் அசையாமல் கிக்கர் பற்கள்தான் உடையும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை நாளுக்கு இரண்டு முறை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து வந்தேன். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் மாலை சக்கரம் ஒரு விரற்கடை கூடுதலாக நகர்ந்தது. அடுத்த நாள் முழுச் சுற்று சுற்றியது.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை மரச்சில்லால் சுரண்டியபோது, அடியில் 40 என்ற எண் தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, அதாவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் சிலிண்டர் ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டிருக்கிறது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமுமாக 346 சிசி என்று நான் நம்பியிருந்த என்ஜின் உண்மையில் 71 மில்லிமீட்டர் விட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பிஸ்டன் நின்றிருந்த இடத்தில் துரு வளையமாக அரித்திருந்ததால் இன்னொரு முறை போரிங் போட வேண்டி வந்தது. 60 அளவுப் பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே சிலிண்டரைப் பட்டறையில் கொடுத்தேன். எண்ணை மட்டும் சொல்லிப் போரிங் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டனைத் தேடுவது முறையல்ல. புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பார்த்தேன். இந்த விட்டத்துக்கு 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒரு ரிங்கில் அதில் பாதிதான் இருந்தது. அப்படியே போட்டிருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, செய்த வேலை அனைத்தும் வீணாகியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு, முன்பு திறந்தவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் என்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பற்சக்கரத்துக்கு) பின்னால் இருந்த ஒரு வாஷரைத் தூக்கி எறிந்தேன். அது கையால் அராவியது, வட்டம்கூடச் சரியில்லை, ஒரு பக்கத்தில் அரத்தின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அதற்குப் பதிலாகப் பளபளப்பான புதிய வாஷர் ஒன்றைப் போட்டு, கிளட்சையும், அதை என்ஜினோடு இணைக்கும் பிரைமரி செயினையும் மாட்டினேன். செயின் சுற்றும்போது பல் கடிப்பதுபோல ஒரு சத்தம். நேர்ச்சட்டம் ஒன்றை இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளின் மீதும் வைத்துப் பார்த்தால், கிளட்ச் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நின்றது. குப்பைப் பெட்டியைக் கவிழ்த்து அந்தப் பழைய வாஷரைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினேன். சட்டம் இரண்டின் மீதும் ஒட்டி நின்றது. யாரோ ஒருவர், சரியான தடிமனில் வாஷர் கிடைக்காத ஒரு நாளில், அரத்தை எடுத்து உட்கார்ந்து, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி அராவி அதைச் செய்திருக்கிறார். அவரை நான் மனத்துக்குள் எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

* * *

வாஷரைப் பற்றிப் புல்லட் நண்பர் மேலே எழுதியதைப் படித்தபோது எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. என்னுடையது 199 சிசி டிரையம்ஃப் டைகர் கப். வாங்கும்போதே ஒயரிங் முழுவதும் துணி நாடாவால் சுற்றப்பட்டு, பல இடங்களில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்ததில், ஒரு சிவப்பு ஒயர் நேராகச் சட்டகத்தோடு முடுக்கப்பட்டிருந்தது. கார்களிலும் இன்றைய வண்டிகளிலும் சிவப்பு என்றால் மின்சாரம் வரும் பக்கம்தானே. முன்பு வேலை செய்தவர் தலைகீழாக இணைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சட்டகத்தோடு இணைத்தேன். சில நிமிடங்களில் இருக்கைக்கு அடியிலிருந்து அழுகிய முட்டையும் பூண்டும் கலந்ததுபோல ஒரு நாற்றம் வந்தது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும், செலினியத் தகடுகளால் ஆன ரெக்டிஃபையர் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சட்டகத்தோடு இணையும்படி அமைந்தவை; அவற்றின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் ஒயரிங்கில் சிவப்புதான் எர்த். ஆக, ஒயரை இணைத்தவர் செய்தது முற்றிலும் சரி. நான் செய்ததுதான் தவறு. வேறொரு ரெக்டிஃபையர் தேடிப் பொருத்திய கையோடு, பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் போட்டேன். முதலில் அந்த வண்டியில் ஃபியூஸ் என்ற ஒன்றே கிடையாது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டகத்துக்குப் புதிதாக பவுடர் கோட்டிங் கொடுத்த பிறகு என் முகப்பு விளக்கு மெழுகுவத்திபோல மங்கலாக எரிந்தது. எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பூச்சு ஏறியிருந்ததே காரணம். 24 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் வேண்டும். ஆகவே இணைப்பில் இருக்கும் சிறிய தடைகூட இந்த 6 வோல்ட் வண்டிகளில் விளக்கைப் பெரிதும் மங்கச் செய்துவிடும். அந்த இடத்தைக் காசளவு சுரண்டி உலோகத்தை வெளியே கொண்டுவந்ததும் வெளிச்சம் வந்துவிட்டது.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் வாய்த்ததுபோல, என் வண்டியை முன்பு திறந்தது நல்ல கை அல்ல. டேங்கின் துருவை எடுக்காமலே உள்ளே ஒரு பூச்சை ஊற்றிவிட்டிருந்தார்கள். அது மீன் செதில்போல உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கவே, ஒவ்வொரு பயணத்திலும் ஏழெட்டு கிலோமீட்டரில் வண்டி நின்றது. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் டேங்கின் மீது சந்தேகம் வந்தது.

அசிட்டோன் ஊற்றி ஊறவைத்துப் பூச்சை முழுவதும் எடுத்த பின், சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி மின்பகுப்பு முறையில் துருவை நீக்கினேன். சார்ஜரின் நெகட்டிவ் டேங்கிலும், பாசிட்டிவ் நீரில் தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியிலும் இருக்க வேண்டும். கம்பி டேங்கைத் தொடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். நீரைக் கொட்டியதும் சில நிமிடங்களிலேயே புதுத் துரு செம்மஞ்சளாகப் படரத் தொடங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் அது வந்துவிட்டது. மறுமுறை உடனே உலர்த்தி, எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட்டேன்.

* * *

புல்லட்டைப் பற்றி முதலில் எழுதியது நான். டைகர் கப் நண்பருக்கு நன்றி. சிவப்பு ஒயரை நானும் கழற்றித்தான் இருப்பேன்.

என் வண்டி கிளம்பிய நாளைப் பற்றி முன்பு சொல்லவில்லை. வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடு கம்பிகள் மேலும் கீழும் ஆடாமல், விரலால் உருட்டினால் மட்டும் உருளும் அளவுக்கு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) வைத்தேன். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளியைச் சரிபார்த்தேன். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு, உதைத்தேன். பதினொன்றாவது உதையில் கிளம்பியது. கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்தபோது டைமிங் கவரின் அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் நின்றது. நான் மரை மாற்றிய மூன்று துளைகளில் கசிவில்லை. தொடாமல் விட்ட நான்காவது துளையிலிருந்து அது வந்தது.

அதைச் சரிசெய்த பிறகு ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்: எந்த நான்கு துளைகளில் மரை மாற்றப்பட்டுள்ளது, பிஸ்டன் அளவு 60, ரிங் இடைவெளி எவ்வளவு, ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கோணலான வாஷரை எறிந்துவிட வேண்டாம்.