புதுப்பிப்பு: குஸ்கோ மலைப்பாதையில் அரைநாள் குதிரைச் சவாரி

பெருவின் குஸ்கோவில் சுமார் 3,400 மீட்டர் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, என் முட்டிவலியோடு அரைநாள் குதிரையில் உட்கார முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வந்தாயிற்று.

முதல் இரண்டு இரவு, இன்னும் தாழ்வான உருபம்பா பள்ளத்தாக்கில் தங்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது, தலைவலிகூட வரவில்லை. முட்டிக்கு, அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) வாரை ஒரு துளை இறக்கிக் கட்டியது போதுமாக இருந்தது. ஏறியவுடனே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

எதிர்பாராத விஷயம், ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கடிவாளத்தைத் தளர விட்டதும், குதிரையே பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தது. அந்தக் குதிரைமேல் அவ்வளவு பிரியம் வந்துவிட்டது! அப்புறம், குஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள சக்சாய்வமான், கென்கோ என்ற இன்கா காலத்து இடிபாடுகளுக்குள் நுழைய நகரத்துச் சுற்றுலாச் சீட்டு வேண்டும். என் சவாரிக் கட்டணத்தில் அது சேரவில்லை.