பெரட்டு, பரேட்: உங்கள் வீட்டில் நடந்தது?

சுங்கை சிப்புட் பேத்தி:
ஆகஸ்ட் 31, டிவியில் மலேசியாவின் மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கில வர்ணனையில் 'பரேட்' என்று சொன்னதும், கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பாட்டி நிமிர்ந்து, "வெயிலேறின பிறகா பெரட்டு? யாரு பேரு கூப்பிடுறா?" என்றார். தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் காலையில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதுதான் பெரட்டு. விடியாத இருட்டில், ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளியோடு அந்த வரிசையில் நின்றவர் அவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சேலையை இழுத்துச் சரிசெய்து, எழுந்து நிற்கப்போகிறவர் மாதிரி இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். அது இன்னும் மனசை அறுக்கிறது.

பழைய லயம்:
அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். எனக்குக் காய்ச்சல் என்று அப்பா மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவதற்குள் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆள் பேர் பதியும் செக்ரோலை மூடிவிட்டார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பேனா மூடியைத் திருகி சட்டைப் பையில் செருகினார், அன்றைய கூலி போச்சு. இன்னொன்று, இது ஆங்கிலமே இல்லை. ஆள் கணக்கைப் புரட்டுகிற இடம், அதனால் பெரட்டு. எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கோலக்கங்சார் தம்பி:
ஆங்கிலம்தான் அண்ணே. பாராசூட், பாராகிராஃப், பாரடைஸ், எல்லாம் அதே குடும்பம்.

டியூஷன் அக்கா:
இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மோட்டார் கடைக்காரர் மகள் ஒருத்தி வகுப்பில், "ரிப்பேரும் பிரிப்பேரும் சொந்தமா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று இரவு நான் தூங்கவில்லை, தேடிக்கொண்டே இருந்தேன். சொந்தம்தான். லத்தீனில் 'பராரே' என்றால் ஆயத்தம் செய்வது. முன்கூட்டியே செய்தால் பிரிப்பேர், மறுபடி செய்தால் ரிப்பேர், தனியே எடுத்து வைத்தால் செப்பரேட். ஆணையிடுகிற எம்பரர்கூட அங்கிருந்து வந்தவர்தான். பரேட் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் இதன் உறவான 'பராதா' என்றால் நிறுத்தம், பஸ் நிறுத்தத்துக்கும் இன்றைக்கு அதே சொல்தான். படையை நிறுத்தி எண்ணிப் பார்ப்பதற்கு ஆன சொல்லைத்தான் துரைமார் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், நம் ஆட்கள் வாயில் அது பெரட்டு ஆனது. புரட்டு என்பது பிறகு ஒட்டவைத்த விளக்கம் அண்ணே.

தம்பி, பாராசூட் சரி. தடுப்பது என்ற பொருளும் அந்த வேருக்கு உண்டு, விழுவதைத் தடுப்பது பாராசூட், வெயிலைத் தடுப்பது பாராசோல். ஆனால் பாராகிராஃபில் இருப்பது கிரேக்கப் 'பாரா', பக்கத்தில் என்று பொருள். பாரடைஸ் பழைய ஈரானிய மொழியில் சுவர் சூழ்ந்த தோட்டம். எழுத்து ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டாதீர்கள், நல்ல அகராதியில் வேர் வரைக்கும் போய்ப் பாருங்கள். பேத்தி, நீங்கள் முதலில் பாட்டியின் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். வேலையை மேற்பார்த்த மண்டோர், கிராணி, செக்ரோல், வரிசை வீடுகளான லயம், எதையும் விடாமல் கேளுங்கள். சிரித்த உங்கள் தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பழைய லயம்:
சரிம்மா, வேர் லத்தீனாகவே இருக்கட்டும். அப்பா அன்று ஆயத்தமாகத்தான் போனார், பால் கத்தியைத் தீட்டிக்கூட வைத்திருந்தார். அதை யார் எண்ணினார்கள்?