ஆர்எக்ஸ்-7 எடுப்பதா, என்எஸ்எக்ஸ் எடுப்பதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

கனகாவா வாசி:
வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 அல்லது ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைக்கிறேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆர்எக்ஸ்-7 கைநழுவிவிடும். எதை எடுக்கலாம்?

ஐந்தாம் கியர்:
எந்த ஆண்டு வண்டிகள்? எத்தனை கிலோமீட்டர் ஓடியவை? என்எஸ்எக்ஸ் 1991 அல்லது 1992ஆம் ஆண்டினது என்றால், கியர் பெட்டியின் எண்ணை முதலில் பாருங்கள். அக்காலத்து ஐந்து கியர் மேனுவல் பெட்டிகள் சிலவற்றில், உள்பாகத்தை இடத்தில் நிறுத்தும் ஸ்நாப் ரிங் என்ற வளையம் உடைந்து பெட்டியே பாழாகியிருக்கிறது.

பட்டறைக்காரர்:
இந்தக் கேள்விக்கு நான் பல முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டும் ஒரே விலை என்றால் அந்த என்எஸ்எக்ஸ் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்கும். ஆர்எக்ஸ்-7க்குக் கம்ப்ரெஷன் (இன்ஜினுக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்தார்களா என்பதைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

கனகாவா வாசி:
மன்னிக்கவும். என்எஸ்எக்ஸ் 1991, ஆட்டோமேட்டிக். ஆர்எக்ஸ்-7 1993, மேனுவல். கம்ப்ரெஷன் அளக்கவில்லை. சூடான பின் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கும்போது மட்டும் சற்று நேரம் சுற்றிய பிறகே கிளம்புகிறது.

ஐந்தாம் கியர்:
அப்படியானால் ஸ்நாப் ரிங் பற்றி நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஆட்டோமேட்டிக்கில், மேனுவலில் இருப்பதுபோல் 280 அல்ல, 265 குதிரைத்திறன்தான்.

மழைக்கால ஓட்டுநர்:
இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்த ஆண்டு வரியையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆர்எக்ஸ்-7 வெறும் 1.3 லிட்டர்தானே?

பட்டறைக்காரர்:
தவறு. ஜப்பானில், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ஆர்எக்ஸ்-7இன் ரோட்டரி இன்ஜினின் 1,308 சிசியை 1.5ஆல் பெருக்கி 1,962 சிசி என்று கொள்கிறார்கள். பதின்மூன்று ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கான கூடுதலையும் சேர்த்தால் ஆண்டுக்கு 45,400 யென். மூன்று லிட்டர் என்எஸ்எக்ஸுக்கு 58,600 யென்.

மழைக்கால ஓட்டுநர்:
1.5 என்பது எந்த நியாயம்? இன்ஜினின் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ரோட்டரி 1,308 சிசி முழுவதையும் உள்ளிழுத்துவிடுகிறது. நான்கு வீச்சு இன்ஜினுக்கு அதற்கு இரண்டு சுற்றுகள் வேண்டும். ஆகவே இரண்டால் பெருக்கி 2.6 லிட்டர் என்பதே சரி.

பட்டறைக்காரர்:
வரி அலுவலகத்தில் போய் அதைச் சொல்லுங்கள்.

ரோட்டரி மாணவன்:
கனகாவா வாசி அவர்களே, சூடான நிலையில் கிளம்பத் தாமதிப்பது, ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்திருக்கலாம் என்பதற்குப் பழகிய அறிகுறி. சாதாரண கம்ப்ரெஷன் மானி ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் மிகுந்த அளவை மட்டுமே பிடித்து வைத்துக்கொள்வதால், ஒரு முகம் கெட்டிருந்தாலும் அது வெளியே தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால், சூடான இன்ஜினில், இரண்டு ரோட்டர்களின் ஆறு முகங்களையும் அளந்து, நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்கு மாற்றிய எண்களை எழுத்தில் கேளுங்கள். அளக்க மறுத்தால், இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டும் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டே பேசுங்கள். என்எஸ்எக்ஸிலும் டைமிங் பெல்ட் மாற்றிய பதிவேட்டைப் பாருங்கள். அலுமினிய உடல் என்பதால், மோதலில் பட்டிருந்தால் அதைச் செப்பனிடத் தெரிந்த பட்டறைகள் குறைவு.

கனகாவா வாசி:
அளந்தார்கள். பின் ரோட்டரின் ஒரு முகம் மிகவும் குறைவாக இருக்கிறது. ஆர்எக்ஸ்-7ஐ விட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஐந்தாம் கியர்:
என்எஸ்எக்ஸை என்ன செய்தீர்கள்?